நாலாவது ஆள்

திங்கட்கிழமை காலை பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டு முடிந்து, அவர்கள் வாளியும் கத்தியுமாக ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போன பிறகு, கல்பாலத் தோட்டத்துத் தொழிலாளர் லயங்களுக்குள் போலீஸ் நுழைந்தது. மலாயாவில் அவசரகாலம் தொடங்கி நாலாவது வருஷம் நடந்துகொண்டிருந்தது. சோதனை என்பது தோட்டத்துக்கு மழை மாதிரி, வரும், போகும். அரிசி டின்னைக் கவிழ்ப்பார்கள், பாயை உதறுவார்கள், போய்விடுவார்கள். அன்றைக்கு மட்டும் வீரமுத்துவின் வீட்டில், முருகன் படத்துக்குப் பக்கத்தில் தொங்கிய ஒரு போட்டோவைக் கழற்றி எடுத்துக்கொண்டார்கள்.

போட்டோவில் நாலு பேர். வெட்டுக்காரன் வீரமுத்து, அவன் மனைவி ராக்கம்மா, ஐந்து வயது மகள் பாஞ்சாலை. நாலாவதாக, வீரமுத்துவின் தோளில் கை போட்டபடி சந்திரன். அந்தச் சந்திரன் எட்டு மாதத்துக்கு முன்னால் காட்டுக்குள் போய்க் கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்துகொண்டவன். அவன் முகம் அச்சடித்த நோட்டீஸ் தோட்டத்துக் கேட்டிலேயே ஒட்டியிருந்தது.

வெள்ளைக்கார அதிகாரி போட்டோவை ஆபிசுக்குக் கொண்டுவந்து தலைமைக் கணக்கரான பெரிய கிராணி இராஜமாணிக்கத்தின் மேசைமேல் வைத்தார்.

“இவர்கள் இரண்டு பேரும் சொந்தமா?” என்று வீரமுத்துவையும் சந்திரனையும் காட்டி இங்கிலீஷில் கேட்டார்.

“எனக்குத் தெரிந்து இல்லை, துரை.”

அதிகாரி சிரித்தார். “சொந்தமில்லாதவனைக் குடும்பப் படத்தில் நிற்கவைத்து, சாமிக்குப் பக்கத்தில் மாட்டிக் கும்பிடுவார்களா?”

அந்தப் படத்தை எடுத்தவர் இராஜமாணிக்கம். சந்திரனை அதில் நிறுத்தியவரும் அவர்தான். அதைச் சொல்ல ஒரே ஒரு வாக்கியம் போதும். ஆனால் எடுத்தது யார் என்று அதிகாரி கேட்கவில்லை. கேட்காததை நாமாக ஏன் சொல்ல வேண்டும் என்று ஒரு களைப்பு அவர் நாக்கின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. நாலு வருஷமாக எல்லார் நாக்கின்மேலும் உட்கார்ந்திருந்த களைப்புதான் அது. பயம் என்று அதற்குப் பெயர் வைக்க யாருக்கும் மனசு வரவில்லை.

ஜன்னல் வழியாகப் பார்த்தார். வீரமுத்துவைப் பால் வெட்டும் இடத்திலிருந்து கூட்டிவந்து லாரியில் ஏற்றினார்கள். கையில் பால் காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. அவன் ஆபிஸ் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். இராஜமாணிக்கம் பேனாவை மையில் தோய்த்தார்.

*

அவருக்குப் போட்டோ பிடிப்பதில் ஒரு பைத்தியம் உண்டு. ஊருக்குப் போன சின்னத் துரை ஒருவர் தந்துவிட்டுப் போன மடக்குக் காமிரா அது. ரப்பர் மரம் இலை கொட்டும் காலத்தைத் துரைகள் ‘விண்டர்’ என்பார்கள். ஆபிஸ் சுவரில் சீமையிலிருந்து வந்த நாள்காட்டியில் பனி மூடிய பாதையும் மொட்டை மரங்களும் இருந்தன. அதைப் பார்க்கும்போதெல்லாம், நம் தோட்டத்திலும் வருகிறதே ஒரு விண்டர், இதையும் இப்படிப் பிடித்தால் என்ன என்று அவருக்கு ஆசை மூண்டது. தை முடிந்து மாசி பிறக்கையில் இலைகள் செம்பு நிறமாகப் பழுத்து, பத்தே நாளில் கொட்டிவிடும். கிளைகள் மட்டும் வானத்தைக் கீறிக்கொண்டு நிற்கும். விடிகாலை மூடுபனியில் அந்த மரங்களைப் பார்த்தால் பனிநாடு தோற்றுப்போகும் என்பார். அவர் மனைவி வள்ளியம்மா மட்டும், “மொட்ட மரத்த எதுக்கு படம் புடிக்கிறீங்க? அதுக்கு என்ன கல்யாணமா?” என்று கேட்பாள்.

போன வருஷம் மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்போதெல்லாம் கோலா பிலாவுக்குப் போகும் மலைப்பாதையில் பகலில் தனியாகப் போக இன்னும் விட்டார்கள். காலையில் மோட்டார் சைக்கிளில் மலைமேல் ஏறினார். வளைவுக்குக் கீழே பள்ளத்தாக்கு முழுக்கப் பால் ஊற்றினாற்போல் பனி. நின்று இரண்டு படம் எடுத்தார். இரண்டாவதில் ஓரமாக ஒரு ராணுவ லாரியும் விழுந்துவிட்டது. அதை அவர் பெரிதாக நினைக்கவில்லை.

தோட்டத்துக்குத் திரும்பியதும் வீரமுத்து பிடித்துக்கொண்டான். மகளுக்குக் காது குத்தியிருந்தார்கள். ஒரு படம் வேண்டும் என்றான். லயத்துக்கு முன்னால் மூன்று பேரும் வந்து நின்றார்கள். காமிராவில் கண்ணை வைத்த இராஜமாணிக்கம் சட்டென்று தலையைத் தூக்கினார்.

“ஐயய்யோ, மூணு பேரா நிக்கிறீங்க. மூணு பேரா படம் எடுக்கக்கூடாது. நடுவுல நிக்கிறவங்களுக்கு ஆகாது.”

நடுவில் நின்றது குழந்தை. ராக்கம்மா பதறிப்போய் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“தூக்கிக்கிட்டா மட்டும் ரெண்டாயிருமா? எண்ணிக்கை எண்ணிக்கைதான். ஒரு ஆள் வேணும்.”

அந்தச் சமயம் பார்த்து, குளித்துவிட்டுத் தோளில் துண்டோடு போய்க்கொண்டிருந்தான் சந்திரன். கலியாணமாகாத ஆட்களின் லயத்தில் இருந்தவன். வேறு தோட்டத்திலிருந்து வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது.

“டேய் சந்திரா! இங்க வா. வந்து நில்லு.”

“நானா? என்னய எதுக்கு ஐயா?”

“நாலு பேரு ஆக்கத்தான். வாடா.”

அவன் சிரித்துக்கொண்டே வந்து ஒரு முழம் தள்ளி, கம்பம் மாதிரி நின்றான். படம் நன்றாக இல்லை. “பெரட்டுல நிக்கிற மாதிரி நிக்காத. ஒட்டி நில்லு. வீரமுத்து தோள்ல கையப் போடு. சொந்தக்காரன் மாதிரி நில்லுடா!” என்றார் இராஜமாணிக்கம். அவன் அப்படியே நின்றான். அவரும் எடுத்துவிட்டார்.

*

சொந்தக்காரன் மாதிரி நில்லு. தான் சொன்ன அந்த வார்த்தை செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் அவர் காதுக்குள்ளேயே கிடந்தது.

சனிக்கிழமைக்குப் பிறகு வீரமுத்துவை வேறு ஊரில் உள்ள தடுப்பு முகாமுக்கு அனுப்பப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. அங்கே போனவர்கள் பலரையும் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். வீரமுத்து பிறந்தது சிரம்பான் ஆஸ்பத்திரியில். இந்தியா எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட அவனுக்குத் தெரியாது. ராக்கம்மாவையும் பிள்ளையையும் லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவார்கள் என்றும் பேச்சு அடிபட்டது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ராக்கம்மா ஆபிஸ் படிக்குக் கீழே வந்து நின்றாள். அழுது அழுது ஓய்ந்த முகம்.

“ஐயா, போலீசுகிட்ட அவரு ஒண்ணேதான் சொல்லிக்கிட்டு இருக்காராம். கிராணி ஐயாதான் கூப்பிட்டு நிக்க வச்சாருன்னு. பொய் சொல்றான்னு அடிக்கிறாங்களாம். நீங்க ஒரு வார்த்த சொல்லப்படாதா?”

அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை. அதுதான் அவரைக் குத்தியது. திட்டியிருந்தால் பதிலுக்குக் கோபப்பட்டாவது தப்பித்திருப்பார்.

“பாக்கறேன் ராக்கம்மா,” என்றார். சொன்ன பிறகுதான், பார்க்கிறேன் என்பது எவ்வளவு சோம்பேறித்தனமான சொல் என்று அவருக்கே கூசியது.

அவரிடம் ஒரு சாட்சி இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை வீரமுத்துவின் குடும்பத்தை எடுத்த கையோடு, லாரி டிரைவர் ஆரோக்கியநாதனின் குடும்பத்தையும் எடுத்திருந்தார். அவர்களும் மூன்று பேர்: ஆரோக்கியநாதன், மனைவி அந்தோனியம்மாள், மகள் மரியகொரெட்டி. “நாங்க வேதக்காரங்க, மூணு நாலெல்லாம் பாக்கறதில்ல,” என்று அன்றைக்கு ஆரோக்கியநாதன் சொன்னான். அந்தோனியம்மாள்தான், “பாக்கறதில்லதான். ஆனாலும் இருந்துட்டுப் போகட்டுமேங்க, ஒரு ஆளு,” என்றாள். சந்திரன் அங்கேயும் நின்றான். அதே துண்டு, அதே சிரிப்பு, அதே மாதிரி தோளில் கை. ஒரே நாளில் ஒருத்தன் ஒரு இந்து வீட்டுக்கும் ஒரு கிறிஸ்தவ வீட்டுக்கும் சொந்தக்காரனாக இருக்க முடியாது. படங்களின் நெகடிவ் ஒரே சுருளாக, வெட்டாமல், ஒரு டின்னுக்குள் அவரிடம் இருந்தது.

ஆனால் அதைக் காட்டினால் ஆரோக்கியநாதனும் மாட்டிக்கொள்ளலாம். கேட்காமல் எடுத்துப்போக அவருக்கு மனசு வரவில்லை. ஊரடங்குச் சங்கு ஊதுவதற்கு முன்னால் அவன் வீட்டுக்கு நடந்தார்.

விஷயத்தைச் சொன்னதும் ஆரோக்கியநாதன் முகம் செத்துவிட்டது. “எங்க படத்த, சந்திரன் காட்டுக்குள்ள போன அன்னிக்கே அடுப்படி மண்ணுல பொதச்சு வச்சுட்டோம் ஐயா. நீங்க அத தோண்டி எடுத்துக் காட்டுறேங்கிறீங்க. எனக்கும் பொண்ணு இருக்குலா.”

“தெரியும் ஆரோக்கியம். வேணாம்னா வேணாம். எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல.”

அப்படிச் சொல்லும்போது, அவன் வேண்டாம் என்று சொல்லிவிட மாட்டானா என்று தன் மனசின் ஒரு மூலை ஏங்கியதை அவர் கண்டுகொண்டார். அப்பாடா என்று வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடலாம்.

அந்தோனியம்மாள் அடுப்படியிலிருந்து ஈரக் கையோடு வந்தாள். “ராக்கா வீட்டு அடுப்பு ரெண்டு நாளா புகையல. நான்தான் கஞ்சி கொண்டு போய்க் கொடுத்தேன். பிள்ளைக்கு ஊட்டிட்டு, அவ குடிக்கல.” புருஷன் பக்கம் திரும்பினாள். “தினம் ராவுல முழங்கால் போட்டு செபம் சொல்றோம். கஞ்சி கொடுத்தா போதும்னு மாதா சொல்வாங்களா? கொண்டுபோகட்டும் விடுங்க.”

“நீ சொல்லுவ. லாரிய நாந்தான ஓட்டிக்கிட்டுப் போவணும்.”

“அப்ப நீங்களே ஐயாவ ஏத்திக்கிட்டுப் போங்க. நல்லதாப் போச்சு.”

ஆரோக்கியநாதன் தலையைச் சொறிந்தான். “காலையில எட்டு மணிக்கு கான்வாய், ஐயா. காவல் வண்டிங்களோட சேந்துதான் போவணும். கேட்டுல நில்லுங்க,” என்றான்.

*

வீட்டுக்கு வந்து, நெகடிவ் சுருளை விளக்கு வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தபோதுதான் முதல் இரண்டு படமும் கண்ணில் பட்டன. மலைப்பாதை. வளைவு. ராணுவ லாரி. இந்த ஒரு வருஷத்தில் அந்தப் பாதையில் மூன்று தடவை துப்பாக்கிச் சூடு நடந்திருந்தது. அப்படிப்பட்ட வளைவைப் படம் பிடித்து வைத்திருக்கும் ஒரு கிராணியைப் பார்த்துப் போலீஸ் என்ன நினைக்கும்?

வள்ளியம்மாவும் பார்த்தாள். போய்க் கத்தரிக்கோலை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தாள்.

“அந்த ரெண்டையும் வெட்டிருங்க. மிச்சத்தக் கொண்டுபோங்க.”

கத்தரிக்கோலைக் கையில் எடுத்தார். வெட்டுவது நொடி வேலை. பிறகு வெட்டாமல் கீழே வைத்தார்.

“வள்ளி, வீரமுத்து சொல்றது உண்மைன்னு நம்புங்கன்னு கேக்கப் போறேன். கையில பாதியை ஒளிச்சு வச்சுக்கிட்டு அதை எப்படிக் கேக்கறது? அந்த மொகத்தோட எனக்குப் பேச வராது. உளறிருவேன். அப்புறம் அவன் சொன்னதும் பொய்யாயிரும்.”

“உங்களையும் உள்ள வச்சுட்டா?”

அவர் சுருளை மறுபடி சுருட்டி டின்னுக்குள் போட்டு மூடினார். வள்ளியம்மா அதைப் பார்த்தாள். பிறகு கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மாரியம்மன் படத்துக்கு முன்னால் விளக்கேற்றுவது தெரிந்தது. காலையில் அவர் சட்டைப் பைக்குள் திருநீறு மடித்த காகிதம் ஒன்று இருந்தது.

*

போலீஸ் ஸ்டேஷனில் அவரை விசாரித்தது ஒரு இன்ஸ்பெக்டர். யாழ்ப்பாணத்துக்காரர். கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுந்து, பல வாரம் தூங்காதவர் போலிருந்தார். இராஜமாணிக்கம் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு சுருளை வாங்கி ஜன்னலுக்கு நேரே பிடித்தார்.

“இது வீரமுத்து குடும்பம். இது?”

“எங்க லாரி டிரைவர் குடும்பம் ஐயா. வெளியிலதான் நிக்கிறார். அவங்க சம்மதத்தோடதான் கொண்டாந்தேன்.”

“ரெண்டிலையும் அவன் நிக்கிறான்.” இன்ஸ்பெக்டர் சுருளைப் பின்னுக்கு இழுத்தார். கை நின்றது. “இது என்ன?”

“கோலா பிலா மலைப்பாதை ஐயா.”

“இந்த றோட்டை ஏன் படம் பிடிச்சனீர்?”

இராஜமாணிக்கத்துக்கு வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த விளக்கங்கள் ஒன்றும் வரவில்லை. “பனி அழகா இருந்துச்சு ஐயா,” என்றார்.

மேலே மின்விசிறி கிறீச்சிட்டுச் சுற்றியது. இன்ஸ்பெக்டர் அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தார்.

“கிழமைக்கு மூண்டு தரம் இந்த வளைவாலை போறன். எந்த மரத்துக்குப் பின்னாலை இருந்து சுடுவான் எண்டுதான் பாக்கிறனான். பனியைக் கண்டதில்லை.” சுருளை மேசையில் வைத்தார். “இதை வெட்டி எறிஞ்சுபோட்டு வந்திருக்கலாமே. ஏன் அப்பிடியே கொண்டந்தனீர்?”

“வெட்டத்தான் கத்தரிக்கோல் எடுத்தேன் ஐயா. மனசு வரல.”

இன்ஸ்பெக்டர் கண்ணை மூடி மூக்குத் தண்டைத் தேய்த்துக்கொண்டார். பிறகு அவர் வாயோரம் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது.

“எங்கட வீட்டிலையும் அம்மா மூண்டு பேரைச் சேர்ந்து நிக்க விடமாட்டா. நான், தங்கச்சி, தம்பி எண்டு நிண்டால், பக்கத்து வீட்டுப் பொடியனைக் கூப்பிடுவா. ஆரெண்டே தெரியாத ஆக்கள் எங்கட அல்பத்திலை எத்தினை பேர்! அந்த வீரமுத்து அஞ்சு நாளா இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறான். நாலு பேராக்கக் கூப்பிட்டது எண்டு. துரைக்கு விளங்கேல்லை. எனக்கு விளங்கினது. ஆனா சும்மா வாயாலை எப்பிடிச் சொல்லுறது? ஒரு அத்தாட்சி வேணுமே.” எழுந்து தொப்பியைப் போட்டார். “இனி நான் போய் இதை வெள்ளைக்காரனுக்கு இங்கிலீசிலை விளங்கப்படுத்த வேணும். நீர் இரும். கும்பிடுற சாமி இருந்தால் கும்பிட்டுக்கொண்டிரும்.”

இராஜமாணிக்கம் பெஞ்சில் உட்கார்ந்தார். மணி பத்து அடித்தது, பன்னிரண்டு அடித்தது. ஒரு கான்ஸ்டபிள் கேட்காமலே ஒரு கோப்பை காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அவர் பெயர்கூடத் தெரியாது. உலகம் இப்படிப் பாழாய்ப் போன காலத்திலும், கடவுள் தன் வேலையை இம்மாதிரி கைகளில்தான் கொடுத்து வைத்திருக்கிறார் போலும் என்று நினைத்துக்கொண்டே அந்தக் காப்பியைக் குடித்தார். அது ஆறிப்போயிருந்தது. ஆனாலும் இனித்தது.

இரண்டு மணிக்கு இன்ஸ்பெக்டர் திரும்பினார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

“துரை ரெண்டு படத்தையும் பக்கத்திலை பக்கத்திலை வைச்சுப் பார்த்தார். உங்கட ஆக்கள் எல்லாருக்கும் பைத்தியம் எண்டார். பிறகு கையெழுத்து வைச்சார். ஆளை விடுகினம்.” ஒரு காகிதத்தை நீட்டினார். “சுருள் இஞ்சை இருக்கும். காமிராவை நாளைக்கே ஆள் மூலம் ஒப்படைச்சுப்போட வேணும். அவசரகாலம் முடியுமட்டும் நீர் ஒரு படமும் பிடிக்கக்கூடாது. இதாலை உம்மட பேரும் எங்கட கோப்பிலை ஏறுது. இனி எங்கை போனாலும் கேள்வி வரும். அதை என்னாலை தடுக்க ஏலாது. விளங்குதோ?”

“விளங்குது ஐயா.” இராஜமாணிக்கம் கையெழுத்துப் போட்டார். எழுந்து கும்பிட்டார். இன்ஸ்பெக்டர் அதற்குள் அடுத்த கோப்பைத் திறந்துவிட்டார்.

*

வீரமுத்து பின்வாசல் வழியாக வந்தான். ஒரு கன்னம் வீங்கியிருந்தது. வெளிச்சம் கூசி, கையால் கண்ணை மறைத்துக்கொண்டான். இராஜமாணிக்கம் பேச வாயைத் திறந்தார். மன்னிப்புக் கேட்க வேண்டும். திங்கட்கிழமையே சொல்லியிருக்க வேண்டும் என்று சொல்ல வேண்டும்.

“வீரமுத்து, நான் அன்னிக்கே...”

“வந்துட்டீங்கள்ல ஐயா,” என்றான் அவன். அதற்குமேல் பேச அவனுக்குத் தெம்பில்லை. “பிள்ள எப்படி இருக்கு?”

“நல்லா இருக்கு. அந்தோனியம்மா பாத்துக்கிறாங்க.”

ஆரோக்கியநாதன் ஓடிவந்து அவனை ஒரு பக்கம் தாங்கிக்கொண்டான். “என்னலா, போலீஸ் சோறு நல்லா இருந்துச்சா? கன்னமெல்லாம் உப்பியிருக்கு!” என்றான். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். வீரமுத்து வலியோடு சிரித்தான்.

பிற்பகல் கான்வாயில் சேர்ந்துகொண்டு லாரி தோட்டத்துப் பக்கம் புறப்பட்டது. அரிசி மூட்டைகள் மேல் சாய்ந்து வீரமுத்துவும் இராஜமாணிக்கமும் பின்னால் உட்கார்ந்தார்கள். பாதையின் இரண்டு பக்கமும் மொட்டை மரங்கள். சக்கரம் போகப் போகக் காய்ந்த இலை எழுந்து, சுழன்று, பின்னால் விழுந்தது. பிடிப்பதற்கு இனிமேல் காமிரா இல்லை. அதற்கு வருத்தப்படக்கூட அவருக்குச் சோர்வாக இருந்தது. ஒரு மைல் போவதற்குள் வீரமுத்துவின் தலை அவர் தோளில் வந்து விழுந்தது. தூங்கிவிட்டான். அவன் தலையில் வியர்வையும் ரத்தமும் கலந்த வாடை அடித்தது. அவர் அசையவில்லை. பள்ளத்தில் லாரி குலுங்கும்போதெல்லாம் மறு கையால் அவன் தலையைப் பிடித்துக்கொண்டார். பாதி வழியிலேயே தோள் மரத்துப்போயிற்று.

தோட்டத்துக் கேட்டில் காவலுக்கு நின்ற மலாய்க்கார ஸ்பெஷல் கான்ஸ்டபிள் லாரியை நிறுத்தினார். அங்கே எல்லாரும் இறங்கி வரிசையில் நின்றுதான் அடையாளக் கார்டைக் காட்ட வேண்டும். அதுதான் சட்டம். நாலு வருஷமாக ஒருத்தருக்கும் அதில் விலக்குக் கிடையாது.

வீரமுத்துவை எழுப்ப இராஜமாணிக்கம் கையைத் தூக்கினார்.

கான்ஸ்டபிள் லாரியின் பின்பலகையைப் பிடித்து எட்டிப் பார்த்தார். வீங்கிய கன்னத்தையும், திறந்திருந்த வாயையும் பார்த்தார். கேட்டுக்கு அந்தப் பக்கம், மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கம்பியைப் பிடித்தபடி நின்ற ராக்கம்மாவையும் பார்த்தார்.

“தாக் அப்பா,” என்றார் தணிந்த குரலில். “பியார் டியா தீடோர்.” பரவாயில்லை, அவன் தூங்கட்டும்.

வீரமுத்துவின் சட்டைப் பையிலிருந்து கார்டை மெதுவாக உருவி, பார்த்து, சத்தமில்லாமல் அதே பைக்குள் வைத்தார். பிறகு நடந்துபோய்க் கேட்டின் இரும்புத் தாழ்ப்பாளை, கிறீச்சிடாதபடி இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துத் திறந்துவிட்டார்.